நூறாண்டு மலருக்கு நான்கு பக்கம்

எழுதித் தா என்றார்கள், செயலர் நீதானே என்று.
முன்னாள் தலைவர்களின் படங்கள் இருக்கின்றன,
அத்தனை பேரும் ஒரே கழுத்துப்பட்டியை
இரவல் வாங்கிக் கட்டியது போல.
கூட்டக் குறிப்பேடுகள் பதினொன்று.
முதல் ஏட்டின் அட்டையில் எண்ணெய்க் கறை,
யாரோ ஒருவரின் கட்டைவிரல் ரேகை.

ஹாமில்டன், பார்ட்டன் தெரு,
ஆணிக்கடை ஒன்றின் மாடி.
மதுவிலக்குக் காலம். தேநீர் என்கிறது குறிப்பு;
நான் நம்பவில்லை.
உலோகப் பதனிடுவோர் சங்கம், பத்தொன்பது பேர்,
ஆளுக்கொரு பூட்டு வாயில்:
எத்தனை சூடு, எந்த உப்பு,
எண்ணெயா, தண்ணீரா, எவ்வளவு நேரம்.
பெற்ற மகனிடமே சொல்லாததை
எதிர்க் கம்பெனிக்காரனிடம் எவன் சொல்வான்?
முதல் மூன்று கூட்டங்களிலும்
வானிலை பேசியிருக்கிறார்கள்.
ஏரிக்காற்று. பனி. மறுபடி ஏரிக்காற்று.
சந்தா இரண்டு டாலர்.

நான்காம் கூட்டத்துக்கு மீக்கிள்ஜான்
சாக்குப்பையோடு வந்தார்.
மேசை விரிப்பை எடுக்கச் சொன்னார்.
பைக்குள் ஒரு லாரி அச்சு, இரண்டாக.
"என் உலை. என் தவறு.
வண்டி பள்ளத்தில். ஓட்டியவனுக்கு
இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.
ஏன் உடைந்தது என்று எனக்குத் தெரியவில்லை.
உங்களில் யாருக்காவது தெரியுமா?"

இங்கே எழுதுவதை நிறுத்தியிருக்கிறார்
அன்றைய செயலர்.
அரைப் பக்கம் வெறுமை.
பிறகு வேறு மையில்:
"போட்டி ஆலையின் திரு. ஹிரின்சுக்
விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார்."

முறிந்த முகத்தில், ஈரமணலில்
அலை விட்டுப்போன வரிகள்.
ஒருநாளில் உடைந்ததல்ல;
ஓட ஓடத் தின்றிருக்கிறது.
வரிகள் கிளம்பிய மூலையில்
நகக்கீறல் அளவு விரிசல்,
அதற்குள் மட்டும் கருப்பு.
"எண்ணெயில் தோய்த்த பிறகு
மறுசூடு உடனே கொடுத்தீர்களா?"
"தோய்த்தது சனி இரவு. மறுசூடு திங்கள்."
"எங்களுக்கும் அப்படித்தான் ஆனது.
இப்போது ஞாயிறுக்கும் ஆள் போடுகிறோம்."

அவ்வளவுதான். பூட்டு திறந்த சத்தம்
எந்தக் குறிப்பேட்டிலும் பதிவாகவில்லை.
ஐந்தாம் கூட்டத்துக்கு மூன்று சாக்குப்பைகள் வந்தன.

நாற்பத்து மூன்றில் மியூரியல் டிரான்டர்.
பீரங்கிக் குழாய்த் துண்டுகளை
கண்ணாடியாய்த் தேய்த்து, அமிலம் தடவி,
நுண்ணோக்கியில் படம் பிடித்தவர்.
படங்கள் மேசைக்கு வரலாம், அவர் வரக் கூடாதாம்.
இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை
என்பதைத்தான் ஆங்கிலத்தில்
ஒன்றரைப் பக்கத்துக்குப் பேசியிருக்கிறார்கள்.
வாக்கு முப்பத்தொன்றுக்கு முப்பது.
அந்த ஒன்று யாருடையது என்று தெரியாது.
ஈக்குக் கண் ஆயிரம் என்பது
முப்பது பேருக்குப் பிறகு தெரிந்தது:
அடுத்த பத்தாண்டில் அலமாரிக்கு வந்த துண்டுகளில்
பாதிக்கு விடை அவர் கையெழுத்தில்.

அலமாரியைச் சொல்லவில்லையே.
கியர் பல், சுருள்வில், கொக்கி, மருத்துவமனைக் கத்தரி:
இருநூற்று நான்கு உடைசல்கள்.
பரிசுக் கோப்பைகளை அடுத்த அறையில் வைத்திருக்கிறோம்,
அங்கே விளக்கு எரிவதில்லை.
ஒவ்வொரு துண்டின் சீட்டிலும் முதல் வரி ஒன்றே,
விதி எண் ஆறு: என் உலை. என் தவறு.

ஆணிக்கடை மாடியில் இன்று உடற்பயிற்சிக்கூடம்.
உறுப்பினர் எழுபத்திரண்டு,
கூட்டத்துக்கு வருவோர் பதினைந்து, பீட்சா உண்டென்றால் இருபது.
இதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று பக்கம் முடிந்துவிட்டது.
நான்காவதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
என் பைக்குள், காகிதத்தில் சுற்றி,
மூன்று அங்குல மரையாணி.
பளுதூக்கியில் இருந்தது. யாருக்கும் அடியில்லை.
வாடிக்கையாளருக்கு, மூலப்பொருள் குறை
என்று போன வாரம் எழுதிவிட்டேன்.
முறிந்த முகத்தில், ஓரமாய்,
ஒரு கருப்பு இருக்கிறது.

கூட்டம் வியாழன் ஏழு மணிக்கு.
மேசை விரிப்பு புதிது, வெள்ளை.